மூக்கு நடந்த தூரம்

பல்லுள்ள திமிங்கலத்தின் மண்டையோட்டை முதன்முதலாகப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இது ஏன் கோணலா இருக்கு?" டாக்டர் நாச்சியப்பன் மட்டும் வேறு மாதிரி கேட்டார். டால்பினும் பல்லுள்ள திமிங்கலம்தான்; என் ஆய்வுக்கூட மேசையில் இருந்த அதன் மண்டையோட்டை இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நேர் பண்ணிடலாமா மேடம்?" என்றார். கோடிக்கணக்கான வருஷமாக அது கோணலாகத்தான் வேலை பார்க்கிறது, உங்களிடம் வந்து புகார் ஏதாவது கொடுத்ததா என்று கேட்டேன். மனுஷர் சிரித்துவிட்டார்.

என் பெயர் மங்கையர்க்கரசி. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு கடல் பாலூட்டிகளின் எலும்பைப் படிப்பது என் பிழைப்பு. மன்னார் வளைகுடாவில் எங்கே ஓங்கல் செத்துக் கரையொதுங்கினாலும் எனக்குத் தகவல் வரும். டால்பினை எங்கள் கடற்கரையில் ஓங்கல் என்றுதான் சொல்வார்கள். தலையை மட்டும் எடுத்து, நைலான் வலையில் சுற்றிக் கட்டி, மணலில் புதைத்துவிடுவேன். சதையைப் புழுவும் நண்டும் பார்த்துக்கொள்ளும். அடுத்த வருஷம் தோண்டினால் பளிச்சென்று எலும்பு வரும். வலை கட்ட மறந்தால் சின்ன எலும்புகள் மணலோடு மணலாகப் போய்விடும். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். வாசனையை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

நாச்சியப்பன் முகச்சீரமைப்பு நிபுணர், காரைக்குடிப் பக்கத்துக்காரர். பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைகள் எத்தனையோ பேர் அவர் கைபட்டு நல்ல முகத்தோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தாடையை நேராக்கிக்கொள்ளவும் அவரிடம்தான் கூட்டம். அவர் வந்த காரியம் இதுதான். ஓங்கல் கலங்கல் தண்ணீரிலும் சத்தத்தால் பார்க்கிறது. மூக்குக் குழாய்க்குள் இருக்கும் சதை உதடுகளைத் தட்டிச் சொடுக்கு எழுப்புகிறது. நெற்றியில் உள்ள கொழுப்பு உருண்டை அந்தச் சத்தத்தைக் குவித்து முன்னால் அனுப்புகிறது. மோதித் திரும்புகிற எதிரொலியைக் கீழ்த்தாடைக் கொழுப்பு வாங்கி உள்காதுக்குக் கொடுக்கிறது. இதையெல்லாம் மனித முகத்துக்குள் வளர்த்துவிட்டால் பார்வையில்லாதவர் சத்தத்தால் பார்க்கலாமே என்பது அவர் குழுவின் ஆசை. அந்தச் சதை உதட்டையும் கொழுப்பையும் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். எலும்பைக் கொஞ்ச நாளைக்கு இளக்கி, வேண்டிய வடிவத்தில் நிறுத்தி, மறுபடி இறுகவைக்கும் மருந்தும் கைவசம் இருந்தது. என்ன வடிவம் என்பதுதான் தெரியவில்லை.

அதற்குத்தான் என்னிடம் வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்த நாற்றம் பிடித்த எலும்பால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டவர்களின் பட்டியல் என் வீட்டுக்காரரிடமிருந்து தொடங்குகிறது.

அடுத்த வாரமே ஜெசிந்தாவை அழைத்து வந்தார். கூடவே அவள் அம்மா ரொசாலியும் வந்திருந்தார். ஜெசிந்தாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், பிறவியிலேயே பார்வை கிடையாது. "வணக்கம் மேடம்" என்று அவள் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மின்தடைப் புகார் எண்ணில் பேசுகிற குரல் அது. கரண்ட் போனால் ஊரே திட்டித் தீர்க்கிற குரல்.

"உங்க குரலும் எனக்குத் தெரியும் மேடம்," என்றாள். "ரெண்டாம் கேட்டுப் பக்கம் இருந்து பேசுவிய. கோவம் வந்தா இங்கிலீஷுக்கு மாறிருவிய."

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

ரொசாலி மக்ரூன் போட்டு விற்கிறவர். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்த்து அடித்துக் கூம்பு கூம்பாகச் சுடுகிற எங்கள் ஊர்ப் பலகாரம். கூம்பு ஒருபக்கம் சாய்ந்துபோனால், ருசி அதேதான் என்றாலும், கடைக்குக் கொடுக்க மாட்டாராம். என் ஆய்வுக்கூடத்துக்குள் வந்ததும் மூக்கைப் பொத்தாமல் நின்ற முதல் ஆள் அவர்தான். மகளைப் பற்றிய கவலையில் நாற்றமே தெரியவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

மேசை நீளத்துக்கு மண்டையோடுகளை வரிசையாக வைத்திருந்தேன். முதலில் ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால் நான்கு காலில் நடந்த மூதாதையின் நகல், கடைசியில் நம் ஓங்கல். ஜெசிந்தா முதல் மண்டையோட்டின் முன்நுனியில் விரல் வைத்தாள். நாய்க்கு இருப்பது போல அதற்கு மூக்குத்துளை நுனியிலேயே இருக்கும். அடுத்ததில் துளை நுனியில் இல்லை. விரல்கள் தேடிக்கொண்டு பின்னால் போயின. அதற்கடுத்ததில் இன்னும் பின்னால். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தாள். கடைசி மண்டையோட்டில் உச்சந்தலைக்குப் பக்கத்தில் துளையைக் கண்டுபிடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மூக்கு நடந்து போயிருக்கு மேடம்," என்றாள் மெதுவாக. "எவ்வளவு தூரம்."

வகுப்பில் படம் போட்டுப் போட்டு நான் மணிக்கணக்கில் சொல்வதை அவள் விரல்கள் ஒரு சுற்றில் படித்துவிட்டன. நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். மேல்தாடை எலும்பு பின்னால் நழுவி நெற்றி எலும்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அதனால் முகம் கிண்ணம் மாதிரி குழிந்துபோனது. அந்தக் குழியில்தான் கொழுப்பு உருண்டை உட்காருகிறது. அவள் கிண்ணத்துக்குள் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு நடுக்கோட்டில் விரலை ஓட்டியவள், "இங்கன இருந்து இடது பக்கமா சாயுதே?" என்று கேட்டாள்.

சத்தம் எழுப்பும் வேலையில் வலது பக்கம் பெரிதாகிவிட்டது, நடுக்கோடு இடதுபக்கமாக ஒதுங்கிவிட்டது என்றேன். ஏன் என்று நாலு பேரைக் கேட்டால் அஞ்சு பதில் வரும் என்றும் சொன்னேன்.

"அப்ப எனக்கும் கோணலாத்தான் வைப்பியளா?"

ரொசாலி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், எம்மவளுக்குக் கண்ணுதான் இல்ல. மொகம் மாதா மொகம் மாதிரி இருக்குன்னு ஊரே சொல்லுது. அந்த மொகத்தப் பாத்துதான் ரோட்ட கடக்கையில நாலு பேரு வந்து கையப் புடிக்காவ. நான் போன பெறகும் யாராச்சும் புடிக்கணும்லா? அதையும் கோணலாக்கிட்டியன்னா யாரு வருவா?"

நான் நாச்சியப்பனைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே ஒரு பதிலோடுதான் வந்திருந்தார். கடற்பன்றியின் மண்டையோடு ஏறக்குறைய நேராகத்தானே இருக்கிறது, அதுவும் சத்தத்தால்தானே பார்க்கிறது, அந்த வடிவத்தை எடுத்துக்கொள்வோம் என்றார். ஓங்கலின் சின்ன உறவுக்காரன் கடற்பன்றி. அவர் சொன்னது உண்மை. கடற்பன்றி நேராக வாழ்வதற்கு ஏதோ ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது, என்ன வழி என்று நமக்குத் தெரியாது, அதுதான் பயம் என்று மட்டும் சொன்னேன். பயம் ஒரு வாதமா என்ன?

முடிவைச் சொன்னது ஜெசிந்தாதான். "அம்மா சொல்லுதபடியே இருக்கட்டும் டாக்டர். நான் என்ன அந்த மொகத்தப் பாத்தா இருக்கேன்? பாக்குறவ அவதான."

முதல் அறுவை நன்றாகவே நடந்தது. காயம் ஆறியதும் ஒரு காலியான அறையில் அவளை உட்காரவைத்துச் சொடுக்கச் சொன்னார்கள். காதுக்கு எட்டுகிற சத்தமாக இல்லை, பல்லில் லேசான கூச்சம் மாதிரி ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஜெசிந்தா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். வாய் திறந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இத்தன நாளா ரூமுன்னா குரலு மோதுற எடம்னு நெனச்சிருந்தேன்," என்றாள். "அதுக்கு மூலை இருக்கு. மூலையெல்லாம் சேந்து என்னைய சுத்தி நிக்குது."

நாச்சியப்பன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் எங்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. ரொசாலி ஜெபமாலையை முத்தமிட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு ரொசாலி எழுந்து மகளுக்கு இடப்பக்கம் போய் நின்றார். "ரெண்டு அம்மா இருக்கிய," என்று ஜெசிந்தா சிரித்தாள். "அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு." நாங்களும் சிரித்தோம். மூளை பழகிக்கொள்ளும் என்று எல்லோருமே நினைத்தோம். பழகவில்லை. இடது பக்கம் இருப்பதெல்லாம் வலது பக்கமும் இருந்தது. ஒரு கதவு இரண்டு கதவானது. நடைபாதையில் ஸ்ட்ரெச்சர் வருகிறது என்று ஒதுங்கியவள் அதன் மேலேயே போய் விழுந்தாள். சொடுக்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. காது இப்போது புதிய தாடை வழியாகவே எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கியிருந்தது. பஸ் ஹாரன்கூட இரண்டு பக்கமிருந்தும் வந்தது. கையில் ஒரு கம்போடு ஊரையெல்லாம் சுற்றிவந்த பெண், சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. தலைசுற்றலில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. மண்டையோட்டை மேசையில் வைத்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் எழுப்புகிற சொடுக்கும் இடப்பக்கம் எழுப்புகிற சொடுக்கும் ஒன்றுபோலவே இருந்தால், திரும்பி வருகிற எதிரொலி எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று எப்படித் தெரியும்? கோணல் ஒரு குறை இல்லை. அதுதான் விலாசம். கடற்பன்றி வேறு விலாசம் வைத்திருக்கிறது, நமக்குச் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் எலும்பு இறுகிவிடும். அதற்குள் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்: வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்குவது, அல்லது வலப்பக்கத்தைப் பெரிதாக்கி நடுக்கோட்டைச் சாய்ப்பது. இதை நான் மருத்துவமனை அறையில் சொன்னதும், "எடுத்துருங்க" என்றார் ரொசாலி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சாய்த்தால் மூக்குத்தண்டு ஒரு பக்கம் ஒதுங்கும், வலது புருவம் புடைக்கும் என்று நாச்சியப்பன் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். முப்பது வருஷமாக அவர் யாரையும் கோணலாக்கியதில்லை.

ஜெசிந்தா படுத்திருந்தபடியே அம்மாவின் கை எங்கே என்று தேடினாள். முதலில் தப்பான பக்கம் துழாவி, பிறகு பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீ சொல்லுத மொகத்த நான் ஒரு நா கூடப் பாத்ததில்ல. அது ஒன்னோடது. ஒனக்காவ நான் சுமந்துக்கிட்டு இருந்தேன். கோவமா சொல்லல, சும்மா சொல்லுதேன். அந்த ரூமு என்னையச் சுத்தி நின்னுச்சு பாரு, அது எனக்கு வேணும். நீ எங்க நிக்கன்னு, நீ வாயத் தெறக்காமலே எனக்குத் தெரியணும்."

ரொசாலி எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டிபன் பாக்ஸை மறுபடி கழுவினார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அறுவைக்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அறுவை அன்று காலை நாச்சியப்பன் என்னையும் பச்சை அங்கி மாட்டி உள்ளே கூட்டிப்போனார். "இது நேராவே வெட்டிப் பழகின கை மேடம். எவ்வளவு சாய்க்கணும்னு நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க," என்றார். வாழ்நாளில் எத்தனையோ மண்டையோடுகளை அளந்திருக்கிறேன், எல்லாம் செத்தவை. இங்கே அளவு சொன்னால் அது ஒரு பெண்ணின் முகமாகிவிடும். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலை தாறுமாறாகத் திருகியிருக்கும், அது வேண்டாம். ஓங்கலின் சாய்வில் பாதி வைத்தால் போதுமா? முகம் கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் போதாமல் போய்விட்டால் மூன்றாவது முறை கிடையாது. அந்த எலும்பு அதற்குமேல் தாங்காது. ரொசாலி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்க முயன்றேன், முடியவில்லை. கோடிக்கணக்கான வருஷம் எத்தனையோ உயிர்கள் பட்டினி கிடந்தும் செத்தும் கண்டுபிடித்த கணக்கில் நான் கைவைக்கக் கூடாது என்று கடைசியில் தோன்றியது.

"ஓங்கலுக்கு இருக்கற முழுச் சாய்வு," என்றேன். நாச்சியப்பன் தலையசைத்துவிட்டு வெட்டினார்.

கட்டுப் பிரித்த அன்று நான் அங்கே இருந்தேன். முகம் நாச்சியப்பன் சொன்னபடியே மாறியிருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே. ரொசாலி ஒரே ஒருமுறை பார்த்தார். அதன்பிறகு மகளுக்குக் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஊட்டினார். பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. "இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்க ஏட்டி, என் தங்கம்லா" என்று குரல் குழையும். கண் மட்டும் வெளியே வேப்பமரத்தில் இருக்கும். நான் கவனித்தேன், ஆனால் சொல்லவில்லை. பெற்றவளிடம் எதைச் சொல்வது?

உள்காயம் ஆறும்வரை சொடுக்கவே கூடாது என்று உத்தரவு. இதற்குள் செய்தி கசிந்துவிட்டது. கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் இதை வைக்க முடியுமா என்று ஒரு கம்பெனி கேட்டது. தன் பிள்ளைக்கு வேண்டாம், ஆனால் காவலாளிகளுக்கு வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் அவரிடம் இங்கிலீஷுக்கு மாறினேன்.

முதல் சோதனையைக் கடலில் வைத்துக்கொள்வோம் என்றது நான்தான். அந்த முகம் தண்ணீரில் உருவானது, தண்ணீரிலேயே திறக்கட்டும். போகும் வழியில், காரில், தண்ணீருக்குள் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். தண்ணீரில் சொடுக்குக்குச் சதை தெரியாது; சதையும் ஏறக்குறைய தண்ணீர்தான். ஊடுருவிப் போய் எலும்பில்தான் மோதும். தண்ணீரில் இடுப்புவரை நிற்கிறவருக்கும் அது எலும்பு வழியே தலைவரை ஏறும்.

"அப்ப தோலு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"ஒருத்தருக்கும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

முன்சீட்டில் இருந்த ரொசாலி கண்ணாடிக்கு வெளியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முயல் தீவுக் கரையில் காலைக் கடல் குளம் போலக் கிடந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஜெசிந்தா, சற்றுத் தள்ளி நான், பின்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரொசாலி. நாச்சியப்பன் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு அலை விளிம்பில் நின்றார்; நீச்சல் தெரியாதாம். ஜெசிந்தா மூச்சை இழுத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாள்.

என் நெஞ்செலும்பில் கடுகு வெடிப்பது போல இருந்தது. அவள் பார்க்கிறாள். என் உடம்புக்குள் ஒரு பார்வை மேலும் கீழும் போய்வருவதை நான் உணர்ந்தேன். நிமிர்ந்து, தண்ணீரை வழித்துவிட்டு, "மேடம், உங்க வலது முட்டிக்குள்ள கணீர்னு ஒண்ணு இருக்கே, என்னது அது?" என்று கேட்டாள்.

பழைய விபத்தில் வைத்த எஃகுத் தகடு. அதைப் பற்றி அவளிடம் நான் பேசியதே இல்லை. ஆனால் பெரிய விஷயம் தகடு இல்லை. வலது முட்டி என்றாள். ஒரே ஒரு முட்டி, சரியான பக்கம். திரும்பிப் பார்த்தேன். நாச்சியப்பன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அவள் மறுபடி குனிந்தாள். ஆழத்தின் பக்கம் திரும்பிச் சொடுக்கியவள் சட்டென்று நிறுத்தினாள். தூரத்தில் தண்ணீர் பிளந்து சாம்பல் நிற முதுகுகள் எழுந்து அமிழ்ந்தன. ஓங்கல் கூட்டம். கிழக்கே போய்க்கொண்டிருந்தவை நின்றுவிட்டன. பிறகு என் உடம்பு முழுவதும் அந்தக் கடுகு வெடிப்பு, பல மடங்காக, எல்லாத் திசையிலிருந்தும். ஜெசிந்தா அசையாமல் தண்ணீருக்குள் முகம் வைத்திருந்தாள். மூச்சு முட்டித் தலையைத் தூக்கினாள். "மண்டையத் தடவிப் பாக்குதுக மேடம்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "உள்ள... கோணலத் தடவிப் பாக்குதுக."

நான் அழுதேன். ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால் கரையில் பிரிந்துபோன உறவு, எங்கள் பக்கத்திலிருந்து முதல் ஆள் வந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போகிறது. விஞ்ஞானி இப்படியெல்லாம் எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

"ஏட்டி ஜெசி, போதும், வந்துரு," என்று ரொசாலி பின்னாலிருந்து கூப்பிட்டார். ஜெசிந்தா குரல் வந்த பக்கம் திரும்பி, முகத்தைத் தண்ணீரில் வைத்துச் சொடுக்கினாள். முதன்முதலாக அம்மாவை ஒரே அம்மாவாகப் பார்க்கிறாள். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, ஏன் கரையைப் பாத்துக்கிட்டு நிக்க?"

"இல்லியே," என்றார் ரொசாலி உடனே, கரையைப் பார்த்தபடியே. "ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன், தங்கம்." பார்வையில்லாத பிள்ளையை வளர்த்தவருக்கு வாயில் தானாக வருகிற பதில் அது.

ஜெசிந்தா மறுபடி குனிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்து, அப்படியே காத்திருந்தாள். சொடுக்கு நிதானமாக, விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ரொசாலிக்கும் அது நெஞ்சில் பட்டிருக்க வேண்டும். கையை எடுத்து மார்பின் மேல் வைத்துக்கொண்டார். தன் மண்டையோடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மகளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தோள்கள் ஒருமுறை குலுங்கின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, கழுத்து வலிக்கிறவர் போல, திரும்பினார்.

ஜெசிந்தா முகத்தைத் தூக்கினாள். ஒதுங்கிய மூக்கிலிருந்தும் புடைத்த புருவத்திலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"இப்பத்தான் என்னையப் பாக்க," என்றாள்.

"ஆமா ஏட்டி," என்றார் ரொசாலி. கண்ணை எடுக்காமல், தண்ணீரை விலக்கிக்கொண்டு மகளை நோக்கி நடந்து வந்தார்.